கோயில் திருப்பணி நிதி: யார் பணம், யார் கையெழுத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கோயில் ஒன்றைச் சரி செய்யலாம் என்று ஊரில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் வருவது உற்சாகம், இரண்டாவது வசூல், மூன்றாவது "ஆபீஸுக்கு யார் போவது" என்கிற கேள்வி. அந்த மூன்றாவதில்தான் பாதி திருப்பணிகள் நின்று போகின்றன, அல்லது அனுமதியே இல்லாமல் ஓடி முடிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் பழைய கோயில்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். வழக்கு, வாய்தா என்று போய்விட்டவர்கள் வக்கீலைப் பாருங்கள்.

திருப்பணிக்குச் செலவாவது அரசாங்கப் பணமா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒன்று புரியாமல்தான் நிறைய பேர் சண்டை போடுகிறார்கள். செலவாவது கோயிலின் சொந்த வருமானம் (உண்டியல், நில குத்தகை, கடை வாடகை, வைப்புநிதி வட்டி), நன்கொடையாளர்கள் தரும் பணம், துறை வழியாக வரும் பொது நிதிகள், அதற்கும் அப்பால் கொஞ்சம் அரசு மானியம். அரசு தன்னுடையதல்லாத பணத்தை மேற்பார்வை செய்கிறது. "நாங்க போட்ட காசுக்கு நாங்க ஏன் அனுமதி கேட்கணும்" என்ற கோபமும் சரி, "கோயிலுக்கு அரசு எல்லாம் செய்யுது" என்ற பேச்சும் சரி, பாதி உண்மைதான்.

அப்புறம் எதற்கு அரசு கையெழுத்து?

கோயில் பொதுச் சொத்து, அறங்காவலர் அதற்குக் காவல்காரர் மட்டும்தான் என்பது சட்டத்தின் பார்வை. இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1817இலேயே சென்னை மாகாணத்தில் கம்பெனி ஆட்சி ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில் மானியங்களைக் கண்காணிக்கும் வேலையையும் கட்டடங்களைப் பழுது பார்க்கும் பொறுப்பையும் வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. அரசு மதக் காரியத்தில் தலையிடக் கூடாது என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் கிளம்ப, 1863 சட்டத்தின் மூலம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கிய பிறகு நில மோசடி, கணக்கே காட்டாத நிர்வாகம் என்று புகார்கள் குவிந்தன. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி அறநிலைய வாரியம் கொண்டுவந்தது, 1951இல் அது தனித் துறையானது, இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். யார் மேற்பார்வை பார்த்தாலும் திட்டு விழும், பார்க்காவிட்டால் அதைவிட அதிகமாக விழும் என்பதைத்தான் இருநூறு வருஷமாகப் பார்க்கிறோம்.

எங்கள் கோயில் எந்த வகையில் வரும்?

வருமானத்தைப் பொறுத்தது. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் பட்டியலில் சேராத கோயில், 1959 சட்டத்தின் 49(1) பிரிவு. 10,000 முதல் 2 லட்சம் வரை 46(1), 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை 46(2), 10 லட்சமும் அதற்கு மேலும் 46(3). துறையில் இருக்கும் கோயில்கள் 36 ஆயிரத்துக்கும் மேல், அதில் மிகப் பெரும்பாலானவை அந்த 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவை. பழநி, திருச்செந்தூர், சமயபுரம் மாதிரி உண்டியல் எண்ணும் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாக் கோயிலும் பணத்தில் மிதக்கிறது என்று நினைக்க வேண்டாம். விளக்கெண்ணெய்க்கே தட்டுப்பாடு உள்ள கோயில்தான் அதிகம், அதில் எத்தனையோ சோழர் காலத்துக் கற்றளிகள், அதாவது கல்லாலேயே கட்டிய கோயில்கள்.

அனுமதி எந்த வரிசையில் போகிறது?

சுருக்கமாகச் சொன்னால்: கோயில் தரப்பில் தீர்மானம் (அறங்காவலர், இல்லாவிட்டால் அவர் இடத்தில் துறை நியமிக்கும் தக்கார்), செயல் அலுவலர் அல்லது ஆய்வாளர் வழியாக உதவி ஆணையருக்கு மனு, பொறியாளரும் ஸ்தபதியும் பார்த்து மதிப்பீடு, அது மண்டல அளவிலான வல்லுநர் குழு, பிறகு மாநில அளவிலான வல்லுநர் குழு, அதற்குப் பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி மூலமோ செலவை ஏற்கும் நன்கொடையாளரான உபயதாரர் மூலமோ வேலை. குழுக்களில் ஆகமம் தெரிந்தவர், ஸ்தபதி, தொல்லியல் தெரிந்தவர், கட்டடப் பொறியாளர் இருப்பார்கள்.

நேரம் பிடிக்கும். நாள் குறித்துவிட்டு அனுமதிக்கு ஓடுவதுதான் ஊர்க் குழுக்கள் செய்கிற பெரிய தப்பு. பாலாலயம் (வேலை முடியும்வரை சாமிக்குத் தற்காலிக இடம்) செய்து மூலவரைக் கலசத்திலோ பலகைப் படத்திலோ எழுந்தருளச் செய்தாகிவிட்டது, தை மாதம் கும்பாபிஷேகம் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று, அனுமதி மட்டும் வரவில்லை என்ற நிலையில் யாருக்கும் பொறுமை இருக்காது. அப்போதுதான் "நம்ம கொத்தனாரே பார்த்துக்குவார்" என்ற வாக்கியம் பிறக்கிறது.

மதிப்பீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் மொத்த விவகாரமும் இந்த ஒரு தாள் கட்டில்தான் இருக்கிறது. மேற்பார்வை என்று வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் பார்ப்பது மதிப்பீட்டில் எழுதியிருக்கும் அயிட்டங்களைத்தான். அதில் "தரை, கிரானைட் பதித்தல், இத்தனை சதுர மீட்டர்" என்று இருந்தால், கிரானைட் பதிக்கப்பட்டதா, அளவு சரியா, தொகை சரியா என்றுதான், செய்த வேலையை அளந்து எழுதும் அளப்புப் புத்தகத்தில் ஏறும், தணிக்கையிலும் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கிரானைட்டுக்கு அடியில் அதிட்டானத்தின் (கோயில் சுவரைத் தாங்கும் கல் அடித்தளம்) குமுதம், ஜகதி என்ற அடுக்குகள் புதைந்து, அதில் இருந்த கல்வெட்டின் கீழ் மூன்று வரி காணாமல் போனது எந்தக் காலத்திலும் கணக்கில் வராது. காசுக் கணக்கு சுத்தமாக இருக்கும், கோயில் மட்டும் ஒரு அடி பூமிக்குள் போயிருக்கும். தரையை உயர்த்திக்கொண்டே போன கோயில்களில் மழைத் தண்ணீர் கருவறைப் பக்கம் திரும்புவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே மதிப்பீடு தயாராகும்போதே கூட உட்காருங்கள். நான் கேட்கச் சொல்வது இவற்றை:

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும், தூணையும், கல்வெட்டையும் படம் எடுத்து, தேதி போட்டு, கோப்பில் சேர்க்க ஒரு அயிட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே செல்போனில் எடுத்து, ஒரு பிரதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாவட்டத்தில் கல்வெட்டு படிக்கிற ஆர்வலர்கள் யாராவது இருப்பார்கள், கூப்பிட்டால் சொந்தச் செலவில் வந்து படி எடுத்துத் தருவார்கள்.

கல் சுவரைச் சுத்தம் செய்ய என்ன முறை எழுதியிருக்கிறது? மணலை அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும் முறை தடை செய்யப்பட்டது. ஒரே நாளில் கல் பளிச்சென்று ஆகிவிடும், அதோடு எழுத்தின் கூர்மையும் சிற்பத்தின் மூக்கும் விரல் நகமும் போய்விடும். எழுத்து மழுங்கிய கல்வெட்டை அப்புறம் எந்த ஆணையராலும் மீட்டுத் தர முடியாது.

விமானமும் கோபுரமும் செங்கல், சுதை என்றால் சிமெண்டா, சுண்ணாம்பா? சுண்ணாம்புச் சாந்து என்றால் சும்மா பேச்சுக்கு எழுதினால் போதாது. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்க்க வேண்டும், அரைக்க வேண்டும், பூசிய பிறகு நாள் கணக்கில் ஈரம் காட்ட வேண்டும். அதற்கு ஆளும் நாளும் அதிகம், மதிப்பீட்டில் அந்தச் செலவு இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் சிமெண்டைத்தான் எடுப்பார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பழைய சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, சில வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும்.

தளத்தில் ஒழுகல் என்றால் பழைய தட்டோடுகளை எடுத்துச் சரி செய்கிறார்களா, அதன் மேலேயே கான்கிரீட் கொட்டுகிறார்களா? பழைய கல் உத்தரங்கள் எத்தனை பாரத்தைத் தாங்கும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? சுவரில் ஓவியம் இருக்கிறதா என்று வெள்ளை அடிக்கும் முன் பார்த்தார்களா? கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள், எழுத்திலும் கேளுங்கள்.

உபயதாரர் முழுச் செலவையும் ஏற்கிறார். அப்போதும் இந்த ஓட்டம் தேவையா?

தேவை. பணம் கோயில் கணக்குக்கு வராமல் உபயதாரரே நேரடியாக வேலை செய்து தருவது வழக்கத்தில் இருக்கிறது, துறையும் அதை ஏற்கிறது. ஆனால் வேலைக்கான அனுமதி வேறு, பணத்துக்கான வழி வேறு. நல்ல மனசோடு வருகிற உபயதாரர்தான் சில நேரம் பெரிய சேதம் செய்கிறார், ஏனென்றால் அவருக்கு யாரும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. பழைய மண்டபத்தை இடித்து ஊர்ப் பேர் சொல்லும்படி புதுசு, தூணெல்லாம் எண்ணெய்ப் பெயிண்ட், தரையெல்லாம் டைல்ஸ், கல்லில் ஓட்டை போட்டு எவர்சில்வர் கம்பி வரிசை, அதில் பெயர் பொறித்த பலகை. ஒப்பந்தப்புள்ளி வேலைக்கு இருக்கும் அளப்புப் புத்தகமும் பில் சரிபார்ப்பும்கூட இங்கே தளர்ந்துவிடும். அதனால் உபயதாரர் வேலைக்கு மேற்பார்வை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி, நடப்பது நேர்மாறு.

முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் ஓர் உதாரணம் போதும். சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக மாற்றிக் கட்டினார். திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது, ஏற்கெனவே இருந்த கற்களின் வாசகங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்து, "இதுவும் ஒரு பழங்கல் படி" என்று குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். கட்டடம் மாறினாலும் ஆவணம் போகக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டில் யோசித்திருக்கிறார்கள்.

வருமானமே இல்லாத கோயிலுக்கு என்ன நிதி கிடைக்கும்?

முக்கியமாக மூன்று. ஒன்று, கிராமப்புறக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புப் பகுதிக் கோயில்களுக்கும் திருப்பணி உதவி. வகைக்கு 1,250 கோயில் வீதம் ஆண்டுக்கு 2,500 கோயில்கள் என்பது திட்டம், ஒரு கோயிலுக்கு 1 லட்சமாக இருந்ததை 2021-22இல் 2 லட்சமாக்கினார்கள், பின்னர் மேலும் கூட்டினார்கள். சின்ன மாரியம்மன் கோயிலுக்கு இது பெரிய கை. கற்றளிக்கு இது சாரம் கட்டவே போதாது.

இரண்டாவது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான கோயில்களுக்கு அரசே தரும் மானியம். 2022-23 முதல் ஆண்டுக்கு 100 கோடி என்று ஒதுக்கினார்கள். அசல் அரசுப் பணம் இதுதான். உங்கள் கோயில் ஆயிரம் ஆண்டுப் பழசு என்பதற்குத் தலபுராணம் போதாது, கல்வெட்டோ கட்டடக்கலைச் சான்றோ காட்டுங்கள். மேலே சொன்ன படம் எடுக்கும் வேலைக்கு இங்கேயும் பலன் உண்டு.

மூன்றாவது பொது நல நிதி, சட்டத்தின் 97ஆவது பிரிவு. வசதியுள்ள கோயில்கள் தங்கள் உபரியிலிருந்து கொடுப்பது, நலிந்த கோயில்களுக்குப் போவது.

பணக்காரக் கோயிலின் பணத்தை வேறு கோயிலுக்கு எடுப்பது சரியா?

36ஆவது பிரிவுப்படி உபரி நிதியை ஆணையர் அனுமதியோடு குறிப்பிட்ட காரியங்களுக்குச் செலவிடலாம், 97இன் கீழ் வரும் பங்களிப்பு தானாக முன்வந்து தருவதாக இருக்க வேண்டும். அறங்காவலர் இல்லாத கோயிலில் துறை நியமித்த தக்காரே துறையின் நிதிக்குப் பணம் கொடுக்கத் தீர்மானம் போட்டால் அதில் எது "தானாக முன்வந்து" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மறுபக்கம், கடனுக்கு எண்ணெய் வாங்கும் கோயிலுக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்பதும் கேள்விதான். எனக்குப் பங்கிடுவதில் ஆட்சேபம் இல்லை. அறங்காவலர் குழு முறையாக அமைந்து, அவர்கள் போட்ட தீர்மானமாக இருக்க வேண்டும், எந்தக் கோயிலிலிருந்து எந்தக் கோயிலுக்கு எவ்வளவு என்பது எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று: 92ஆவது பிரிவின் கீழ் நிர்வாகப் பங்களிப்பாக 12 சதவீதம் வரையிலும், தணிக்கைக் கட்டணமாக 4 சதவீதம் வரையிலும் கோயில் வருமானத்திலிருந்து போகும். அது திருப்பணி நிதி இல்லை.

நீதிமன்றம் எப்படி இதற்குள் வந்தது?

2015இல் சென்னை உயர் நீதிமன்றம் பாரம்பரியச் சின்னங்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. கோயில்கள் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டப்படுகின்றன என்ற வழக்குகளும் அந்தச் சமயத்தில் வந்தன. 2017இல் யுனெஸ்கோ குழு ஒன்று வந்து கோயில்களைப் பார்த்துவிட்டு, துறையிடம் பாதுகாப்புப் பணிக்குத் தேர்ந்த ஆட்களும் முறையும் போதவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2021 ஜூன் 7ஆம் தேதி நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு 75 உத்தரவுகளோடு தீர்ப்புச் சொன்னது: 17 பேர் கொண்ட பாரம்பரிய ஆணையம், கோயில் நிலம், சிலைகள், கணக்கு என்று எல்லாம் அதில் உண்டு. வல்லுநர் குழு என்றாலே அலுத்துக்கொள்கிறவர்கள், அவை இல்லாத காலத்தில் இடிபட்ட மண்டபங்களை நினைத்துப் பார்க்கலாம்.

துறை கை வைத்தாலே கோயில் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெட்டதும் உண்டு, நன்றாக வந்ததும் உண்டு. திருவரங்கத்தில் 2015 குடமுழுக்கையொட்டி நடந்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது துக்காச்சி. கும்பகோணம் பக்கம், ஆபத்சகாயேசுவரர் கோயில், சோழர் காலத்தது, செடி மண்டிக் கிடந்தது. அதே அறநிலையத் துறை, அதே மதிப்பீடு, அதே குழுக்கள், பழைய முறையில் செய்த வேலைக்கு 2024ஆம் ஆண்டின் யுனெஸ்கோ விருதுப் பட்டியலில் சிறப்பு விருது. பெரிய உண்டியல் கோயில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் யாராவது "சுண்ணாம்பெல்லாம் இந்தக் காலத்துல நடக்குமா" என்றால் ஒரு நாள் வேனில் அங்கே கூட்டிப் போங்கள்.

எங்கள் கோயில் தொல்லியல் துறை வசம் இருக்கிறது. அப்போது?

அது வேறு பாதை. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் போன்றவற்றில் கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு, பூஜை வேறு நிர்வாகத்தில் நடக்கும். அங்கே ஊர்க் குழு ஒரு ஆணி அடிக்கவும் முடியாது. மத்தியப் பாதுகாப்புச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறை வசம் உள்ள சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம்.

மலேசியா, சிங்கப்பூர், கனடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் தாராளமாக, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத கோயிலும் குழுவும் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. மச்சான் கணக்கில் போட்டு எடுப்பது, தனியார் கணக்கில் வாங்கிப் பிரிப்பது எல்லாம் பிற்பாடு குழுத் தலைவரின் தலையில்தான் விடியும்.

வருமான வரிச் சலுகை உண்டா?

80ஜி பிரிவில், மத்திய அரசு அறிவிக்கை செய்த கோயிலின் புதுப்பிப்புக்கு என்றால் 50 சதவீதக் கழிவு, வரம்புக்கு உட்பட்டு. உங்கள் கோயில் அந்த அறிவிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நோட்டீஸில் போடுங்கள்.

வேலை நடந்த கணக்கை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். அலுவலகத்தில் கேட்டு, தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு, 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. "திருப்பணிக் கணக்கு தருக" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், மொட்டையாகவே பதில் வரும். மதிப்பீட்டு நகல், வல்லுநர் குழுவின் கூட்டக் குறிப்பும் நிபந்தனைகளும், அளப்புப் புத்தகப் பக்கங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குழுவின் நிபந்தனைகளோடு கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும், குழு போட்ட நிபந்தனை களத்தில் நடந்ததா என்று தெரிந்துவிடும். குழு ஒப்புதல் கொடுத்ததோடு சரி, திரும்ப வந்து பார்ப்பது அரிது, மொத்த ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டை அதுதான்.

ஆண்டுதோறும் தணிக்கை செய்யச் சட்டத்தின் 87ஆவது பிரிவு சொல்கிறது. நிதி இழப்புக்குக் காரணமானவரிடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. கல்வெட்டு இழப்புக்கு எத்தனை ரூபாய் என்று எந்தத் தணிக்கையாளரும் போட்டதாக நான் பார்த்ததில்லை.

கும்பாபிஷேகம் முடிந்துவிட்டது. இனி பன்னிரண்டு வருஷம் கவலை இல்லைதானே?

அப்படி நினைத்துத்தான் விமானத்தில் அரசங்கன்று முளைக்கிறது. முதல் வருஷம் கையால் பிடுங்கலாம், ஐந்தாம் வருஷம் வேர் செங்கல்லைப் பிளந்திருக்கும், பன்னிரண்டாம் வருஷம் அதற்கென்று தனி மதிப்பீடு. கோயில் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பழுது பார்ப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 86ஆவது பிரிவு சொல்கிறது, நடைமுறையில் அந்த வரியில் சொற்பத் தொகையோ ஒன்றுமில்லாமலோ இருக்கும். அடுத்த திட்டம் தயாராகும் முன் அறங்காவலரிடம் எழுதிக் கொடுங்கள்: வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், செடி பிடுங்க, தூம்பு அடைப்பு எடுக்க, தட்டோடு விரிசல் பூச ஆள் கூலி. சாதாரண அளவுக் கோயிலுக்கு இது கும்பாபிஷேகப் பந்தல் செலவில் ஒரு சின்னப் பங்குதான். செடியைப் பிடுங்கும்போது வேரோடு எடுக்கச் சொல்லுங்கள், அரிவாளால் நறுக்கிவிட்டு இறங்கினால் அடுத்த மழைக்கே கிளை விட்டு வரும்.